காப்புக் கட்டிய துப்பாக்கி

“தொட்டுக்கூடப் பாக்கல. அதுக்குள்ள வெடிக்கும்னு சொல்லுது பாரு இந்தப் பொண்ணு.”

கிளியனூரைத் தாண்டி ஒரு கிராமத்தில், ஒரு வீட்டின் பின்பக்கத்தில், சித்திரை வெயிலில் நான் நின்றிருந்தபோது ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னது இது. தொடக்கூடாது என்று என்னை அங்கே போய் நிற்கச் சொன்னவரும் அவர்தான்.

கடையில் என்னோடு வேலை பார்க்கும் பெண்களே, இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று எனக்கு எண்ணமே இல்லை. போன வாரம் உங்களில் ஒருத்தி திண்டிவனத்தில் ஒரு வீட்டுத் துப்பாக்கியைப் பார்த்து மதிப்பு எழுதப் போக வேண்டிய நாளில் வயிற்று வலி என்று லீவு கேட்டாள். என்ன வலி என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் கேட்காமல் அந்த வேலையை வேறு ஆளுக்கு மாற்றினேன். அன்று மாலை ரயிலில் வீடு திரும்பும்போது, நானும் அவளும் சேர்ந்து ஒரு பொய்யைச் சொல்லி முடித்ததுபோல் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

எண்பத்து மூன்றில் நான் விழுப்புரத்தில் இந்தத் துப்பாக்கிக் கடையில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். லைசென்ஸ் புதுப்பிக்கக் கடலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போகும் மனுக்களை அடிப்பது என் வேலை. என் அப்பா திண்டிவனம் மார்க்கெட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் எனக்கு முன் பள்ளிக்கூடம் போனவர்கள் யாரும் இல்லை. என் ஸ்கூல் சர்டிபிகேட்டில் அப்பா வைத்த கைநாட்டு இருக்கிறது. அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. அதற்குப் பக்கத்திலேயே என் கையெழுத்தை ஆங்கிலத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

முதலாளிக்குக் கண்ணில் புரை விழ ஆரம்பித்த பிறகுதான் துப்பாக்கிகள் என் கைக்கு வந்தன. குழலின் அடியில் கடுகு அளவில் அடித்திருக்கும் முத்திரைகள் அவருக்குத் தெரியவில்லை. லென்ஸை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். கிரீடம் போட்டது எந்த நாடு, முட்டை வடிவத்துக்குள் எழுத்து இருந்தால் எந்த நாடு, எது பழைய கரி வெடிமருந்துக்கு மட்டும் சோதித்தது, எது புகையில்லாத புது மருந்தையும் தாங்கும் என்று நான் படிக்கப் படிக்க அவர் சொல்வார். கொஞ்ச நாளில் அவர் சொல்வதற்கு முன் நான் சொன்னேன். மேலே லண்டன் என்று தங்க எழுத்தில் பொறித்திருந்தால் வாங்க வந்தவர்களின் முகம் மலரும். நான் குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைக் காட்டி, “எழுதியிருந்தா லண்டன் ஆயிடாதுங்க. இது பெல்ஜியம்” என்பேன். கடை முழுக்கக் கேட்கிற குரலில்தான் சொல்வேன். உங்களுக்குத் தெரியும், இப்போதும் அப்படித்தான்.

அந்தக் குரலோடுதான் அந்த ஊருக்குப் போனேன்.

கதிர்வேலு என்று ஒருவர் கடைக்கு வந்திருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். அப்பா இறந்துபோய், லைசென்ஸ் இவர் பெயருக்கு மாறியிருந்தது. சித்தப்பாவோடு பாகப் பிரிவினை. நிலம், கிணறு, மாடு எல்லாம் பேசியாகிவிட்டது. தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று பாக்கி. அது கதிர்வேலுவுக்கு வருவதால் அதன் மதிப்பில் பாதிக்குச் சித்தப்பாவுக்கு ஈடுகட்ட வேண்டும். அதனால் கடைக்காரர் பார்த்து மதிப்பு எழுதித் தர வேண்டும்.

“எடுத்துக்கினு வந்துடுங்களேன்” என்றேன்.

“காப்புக் கட்டியாச்சுங்க மேடம். திருவிழா முடியிற வரைக்கும் வூட்டத் தாண்டி எங்கயும் போவாது. சாமி கெளம்பறப்ப மொத வெடி அதுலதான்.”

அந்த ஊரில் காப்பு மனிதனுக்கு மட்டும் இல்லை. துப்பாக்கிக்கும் மஞ்சள் நூல் கட்டுவார்கள். கட்டியதிலிருந்து அது வெறும் துப்பாக்கி இல்லை, அம்மனுடைய பொருள்.

முதலாளிக்கு அந்த வாரம் பாண்டிச்சேரியில் கண் ஆபரேஷன். “நீ போய்ட்டு வாம்மா” என்றார். மாதவிலக்கில் எனக்கு அது இரண்டாவது நாள். தேதியை மாற்றச் சொல்லியிருக்கலாம். காரணம் கேட்டால் என்ன சொல்வது என்பது ஒன்று. தனியாக ஒரு வீட்டுக்குப் போய் மதிப்பு எழுதுவது அதுதான் எனக்கு முதல் தடவை என்பது இன்னொன்று. இரண்டாவது காரணம்தான் பெரிது. துணி மடிப்பைச் சரிபார்த்துக்கொண்டு, லென்ஸையும் பேட்டரி லைட்டையும் பையில் போட்டு, திண்டிவனத்தில் பஸ் ஏறினேன்.

வீட்டில் கூடம் நிறைய ஆண்கள். பாகப் பேச்சுக்கு வந்த உறவுக்காரர்கள். கதிர்வேலுவின் அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். சித்தப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். முதலாளியை ஊர்ப்பக்கம் எல்லாரும் பாய் என்றுதான் சொல்வார்கள்.

“பாய் வரலியா?”

“அவருக்குக் கண்ணு ஆபரேஷனுங்க. நான்தான் பாக்கறேன்.”

“நீயா? நீ டைப்பு அடிக்கிற பொண்ணு இல்ல?”

“டைப்பும் அடிப்பேங்க.”

இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. திறந்திருந்த சாமி அறைக் கதவு வழியாகத் துப்பாக்கி தெரிந்தது. விளக்குக்குப் பக்கத்தில் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். குழலில் சந்தனப் பட்டை, வாய்க்கு வாய் குங்குமம், ஒரு முழம் மல்லி. முன்கட்டைக்கு மேலே, சுடுகிறவரின் இடது கை பிடிக்கிற இடத்தில், மஞ்சள் நூல் ஒரு கட்டாகச் சுற்றியிருந்தது. போன வருஷத்து நூலை அவிழ்ப்பதில்லை. அதன் மேலேயே புது நூல். பாட்டன் காலத்திலிருந்து அப்படி.

கதிர்வேலு எடுக்கப் போனார். அப்போது அவருடைய அம்மா என் அருகே வந்து கேட்டார்.

“ஏம்மா, வூட்டுக்குத் தூரமெல்லாம் இல்லியே?”

ரகசியமாகக் கேட்கவில்லை. மோர் இன்னும் வேண்டுமா என்று கேட்கிற குரலில் கேட்டார். கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது.

“இல்லைங்க” என்ற வார்த்தை வாயில் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் நான். அன்று தரையைப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் சிவப்புச் சாயம் தேய்ந்து ஒரு இடத்தில் வெளுத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மௌனத்தை எல்லாரும் படித்துவிட்டார்கள்.

நான் குடித்து வைத்த டம்ளரைக் கதிர்வேலுவின் அம்மா முந்தானையால் பிடித்து எடுத்துக்கொண்டு போனார்.

“இத்தெல்லாம் வெச்சிக்கினு சாமி வூட்டுக்குள்ள எதுக்கும்மா வந்த?” என்றார் சித்தப்பா. “படிச்சா இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா? போ, பின்னால போய் நில்லு.”

வீட்டைச் சுற்றிச் சந்து வழியாகப் பின்பக்கம் போனேன். எங்கள் வீட்டிலும் அந்த நாட்களில் என் அம்மா சாக்கு விரித்துத் தனியாகத்தான் உட்கார்வாள். நானும் உட்கார்ந்திருக்கிறேன். தப்பாகத் தோன்றியதில்லை. ஆனால் நான் படித்த படிப்பு, வாங்கிய சம்பளம், பையில் இருந்த லென்ஸ் எல்லாம் என்னை அந்தச் சாக்கிலிருந்து எழுப்பிவிட்டன என்று எப்போதோ நம்பத் தொடங்கியிருக்கிறேன். அந்தச் சந்தில் நடக்கும்போதுதான் அப்படி நம்பியிருந்தது எனக்கே தெரிந்தது.

பின்பக்கம் முழுக்க மல்லாட்டை காயப் போட்டிருந்தது. நான் அதற்கு அந்தப் பக்கம், மாட்டுக் கொட்டகை ஓரம். கதிர்வேலு துப்பாக்கியோடு பின்வாசல் படியில் வந்து நின்றார். நல்ல மனிதர். முகம் கறுத்துப்போயிருந்தது.

“மனசுல வெச்சிக்காதீங்க மேடம். நீங்க அங்கேருந்து கேளுங்க. நான் பாத்துப் பாத்துச் சொல்றேன்.”

அப்போதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். கையில் எடுக்காத துப்பாக்கிக்கு மதிப்பு கிடையாது. எடுத்துப் பார்க்கிற நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருக்க வேண்டும். ஆனால் அவமானப்பட்டு நிற்கிறபோது ஏதாவது செய்து காட்டத் தோன்றும். நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய நேரம் அதுதான். நான் செய்து காட்டத் தொடங்கினேன்.

குழலைக் கழற்றச் சொன்னேன். கொக்கியில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டச் சொன்னேன். நல்ல குழல் கோயில் மணி மாதிரி இழுத்துப் பாடும். இது ட்டொக் என்றது. மறுபடி சுண்டச் சொன்னேன். மறுபடியும் ட்டொக்.

“ரெண்டு குழலும் சேர்ற எடத்துல ஈயப் பத்து விட்டிருக்கு” என்றேன், உரக்க.

“இப்ப வானத்தப் பாத்துப் புடிச்சி உள்ள பாருங்க. வலது.”

“பளபளன்னு இருக்குதுங்க. கண்ணாடி மாதிரி.”

“இடது?”

“இதுவும் அப்படித்தான்…” கொஞ்ச நேரம் பார்த்தார். “நடுவுல ஒரு வளையம் தெரியுது மேடம். வளையல் கணக்கா, கறுப்பா. டிசைனுங்களா அது?”

குழலுக்குள் டிசைன் எதுவும் கிடையாது. கறுப்பு வளையம் தெரிந்தால் அந்த இடத்தில் இரும்பு ஒருமுறை அழுத்தம் தாங்காமல் வெளியே வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு முறை தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

“வெளிய எந்த எடம்னு விரல வெச்சிக் காட்டுங்க.”

அவர் அளந்து பார்த்து, மஞ்சள் நூல் கட்டின் மேல் விரல் வைத்தார்.

“உங்கப்பா எந்தத் தோட்டா போடுவாரு?”

“அவரே பித்தளைத் தோட்டாவுல கரி மருந்து அடைச்சிக்குவாரு. கம்மியாத்தான் அடைப்பாரு. இன்னாப்பா சத்தமே வரலன்னு நாங்கூடக் கிண்டல் பண்ணுவேன்.”

“நீங்க?”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். பாண்டிச்சேரியில் வாங்கிய புதுத் தோட்டா, சிவப்பு உறை. வெயிலில் அது தாழம்பூக் குங்குமம்போல் தெரிந்தது. “நாளைக்கு இதுதான் மேடம். ஊரே அதிரணும்.”

அப்பாவுக்கு அந்த வளையம் தெரிந்திருக்கிறது. அதனால்தான் மருந்தைக் குறைத்திருக்கிறார். மகனிடம் சொல்லாமல் போய்விட்டார்.

“நாளைக்கு இதச் சுடாதீங்க” என்றேன். “குழல் வெடிச்சிடும். உங்க எடது கை அது மேலதான் இருக்கும்.”

அப்போதுதான் சித்தப்பா பின்வாசலுக்கு வந்தார். நான் முதலில் எழுதிய வார்த்தைகளைச் சொன்னார். சொல்லிவிட்டு அண்ணன் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

“எவ்ளோடா கொடுத்த இந்தப் பொண்ணுக்கு? வெலயக் கொறைக்கச் சொல்லி ஏற்பாடா? லண்டன் துப்பாக்கி, எங்க தாத்தாவுக்குத் தொர கொடுத்தது. அது வெடிக்குமாம். நாளைக்கு வேற எவனாச்சும் காதுல பூ வெச்சிக்கினு வருவான், அவங்கிட்ட சொல்லுங்க.”

கதிர்வேலு அவர் பக்கம் திரும்பினார்.

“நான் யாருக்கும் எதுவும் கொடுக்கல சித்தப்பா. நாளைக்குச் சுட்டே காட்டறேன். ரெண்டு பேரலும் ஒண்ணா.”

என் எச்சரிக்கையால் நடந்தது இதுதான். ஒரு குழல் மட்டும் சுட்டிருக்கக்கூடியவர் இப்போது இரண்டையும் சுடப்போகிறார்.

“அந்தக் கோவத்துல சொல்லுதுப்பா அது, வெரட்டிட்டோம்ல” என்று சித்தப்பா சிரித்தார். நான் பையை எடுத்துக்கொண்டு சந்து வழியாக நடந்தேன். வெடிக்கட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்தது உண்மை. யாரும் பார்க்காத நினைப்பு என்பதால் அதை இங்கே எழுதாமல் விட்டால், மீதி எழுதுவதில் நியாயம் இல்லை.

சந்து முனையில் கதிர்வேலுவின் அம்மா குடத்துத் தண்ணீரில் மஞ்சள் கரைத்து, நான் நடந்து வந்த இடத்தில் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

“கோச்சிக்காதம்மா. நாளைக்கு எம்புள்ள அவங்கப்பா எடத்துல நிக்கிறான். தீட்டுப் பட்டா சுடறவங்களுக்கு ஆவாதுன்னு அவரு சொல்லிக்கினே இருப்பாரு. பயந்துக்கினுதான் கேட்டேன். ஒரே புள்ளம்மா.”

அவர் தெளித்த தண்ணீர் என் காலில் தெறித்தது. மகனின் எந்தக் கைக்காக நான் பயந்தேனோ, அதே கைக்காகத்தான் அவரும் பயந்துகொண்டிருந்தார்.

“குழல் பழுதா இருக்கும்மா. அவர சுட வேணாம்னு சொல்லுங்க.”

“பொம்பள சொன்னா நிக்குமா இது? நேந்துக்கினது.”

“தீட்டுப் பட்டுட்டா இன்னா பண்ணுவீங்க?”

“இன்னா பண்றது? அந்த வருசம் அதத் தொட மாட்டோம். ஒரு தபா என் ஓர்ப்படி கை பட்டுடுச்சின்னு, அதிர்வேட்டு போட்டுத்தான் சாமிய அனுப்புனோம்.”

அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் அங்கேயே நின்றேன். அவர் அடுத்த கை தண்ணீர் எடுப்பதற்குள் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

திரும்பிப் போனேன். மல்லாட்டையைச் சுற்றிப் போக இடமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேலேயே நடந்தேன். ஓடு காலடியில் நொறுங்கியது. என் அப்பா பார்த்திருந்தால் அடித்திருப்பார். காயப் போட்ட மல்லாட்டையை அவர் மிதிக்கவே மாட்டார். கதிர்வேலு துப்பாக்கியை மறுபடி பூட்டி முடித்திருந்தார். நான் படியேறி, மஞ்சள் நூல் கட்டின் மேலேயே இரண்டு கையாலும் பிடித்தேன்.

“ஏய்” என்றார் சித்தப்பா.

“நான் தீட்டுதாங்க. இன்னிக்கு ரெண்டாவது நாளு. தொட்டுட்டேன்.”

கடையில் லண்டன் இல்லை என்று சொல்கிற அதே குரல். கூடத்தில் கேட்டபோது வராதது அப்போது வந்தது.

கதிர்வேலு கையை விட்டுவிட்டார். முழுப் பாரமும் என் கைக்கு வந்தது. அந்த நிலையிலும் என் கை பழக்கத்தில் அதை லேசாக ஆட்டிப் பார்த்தது. பூட்டு தளர்ந்து கடகடவென்று ஆடியது. அதைக் கேட்க அங்கே யாருக்கும் காது இல்லை. கீழே கிடந்த சாக்கின் மேல் துப்பாக்கியை வைத்தேன்.

“படிச்ச திமிரு” என்று யாரோ சொன்னார்கள். “அடிச்சித் தொரத்துங்கடா” என்று இன்னொரு குரல். யாரும் கை வைக்கவில்லை. கைவைத்தால் அவர்களுக்கும் தீட்டு என்பதால் இருக்கலாம். கதிர்வேலுவின் அம்மா படியில் உட்கார்ந்து, “இப்பிடிப் பண்ணிட்டியேம்மா, இப்பிடிப் பண்ணிட்டியே” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கதிர்வேலுவின் கண் கலங்கியிருந்தது. அப்பா நின்ற இடத்தில் ஊர் முன்னால் நிற்பதற்காக ஒரு வருஷம் காத்திருந்தவர் அவர்.

மறுநாள் சாமி அதிர்வேட்டுச் சத்தத்தில் கிளம்பியது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த வாரம் நான் முதலாளியிடம் சொன்னது ஒரே வரி: “தொட விடல, மதிப்பு எழுதல.” அவர் அதோடு விட்டிருப்பார். ஆனால் சித்தப்பா விழுப்புரம் வரைக்கும் வந்தார். கண்ணில் பச்சைத் துணி கட்டி உட்கார்ந்திருந்த முதலாளியிடம், வாடிக்கையாளர்கள் இருக்கும்போதே, நான் எந்த நாளில் வந்தேன், என்ன சொல்லித் தொட்டேன் என்பதை ஒன்றுவிடாமல் கத்திவிட்டுப் போனார். முதலாளி எல்லாருக்கும் டீ வரவழைத்தார். என் டீயை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லார் முன்னாலும் என்னைக் கேள்வி கேட்காமல் காப்பாற்றத்தான் திரும்பினார் என்று தெரியும். இருந்தாலும் அந்த டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டேன்.

திருவிழா முடிந்து கதிர்வேலு வந்தார். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அன்றுதான் அதை முறையாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். மஞ்சள் நூலை வெட்டச் சொல்லி அவரிடமே பிளேடு கொடுத்தேன். அடுக்கடுக்காக வந்தது. உள்ளே போகப் போக நிறம் மாறி, கடைசிச் சுற்றுகள் துருவோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வருஷமும் மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் கட்டிய நூல், அந்த ஈரத்தை அங்கேயே வைத்திருந்திருக்கிறது. அதற்கடியில் இடது குழல் கரையான் அரித்த பலகைபோல் இருந்தது. வீங்கிய இடத்தில் ஒரு ஓட்டை, குண்டூசி நுழைந்தது. அடிப்பக்கத்தில் முட்டை வடிவ முத்திரை. பெல்ஜியம்.

நூலை எடுத்த பிறகு குழலைத் தொங்கவிட்டுச் சுண்டினேன். மணி இல்லை என்றாலும், நன்றாகவே பாடியது. அன்று ட்டொக் என்று கேட்டதற்குக் காரணம் அந்த நூல் கட்டு. பத்து விட்டிருக்கிறது என்று ஊருக்கே கேட்க நான் சொன்னது தவறு. வளையம் மட்டும்தான் சரி. அந்த வளையத்தையும் பார்த்தது நான் இல்லை, அவர். நான் உரக்கச் சொன்னவற்றில் பாதி, நான் நின்ற இடத்திலிருந்து தெரியவே முடியாதவை. தெரிந்ததை மட்டும் தெரிந்த அளவுக்குச் சொல்லியிருந்தால் அவர்கள் நம்பியிருப்பார்களா? மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதை நான் முயன்று பார்க்கவே இல்லை.

கதிர்வேலு அந்த ஓட்டையின் மேல் தன் இடது உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுடுகிறபோது பிடிக்கிறபடி விரல்களை மடக்கினார். பிறகு எடுத்துவிட்டார்.

“அம்மா ஒண்ணு கேட்டுக்கினு வரச் சொன்னாங்க மேடம். தெரிஞ்சி தொட்டீங்களா, கோவத்துல தொட்டீங்களா?”

“தெரிஞ்சிதான்” என்றேன். அது பொய் இல்லை. முழு பதிலும் இல்லை.

“அப்பிடித்தான் அம்மாவும் சொல்லுது. ஆனா ஊருல வேற மாதிரி பேசிக்கிறாங்க. அம்மனே அந்தப் பொண்ணு ரூபத்துல வந்து தடுத்துடுச்சின்றாங்க. சித்தப்பாவே இப்ப அதத்தான் சொல்றாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

நம்மிடமே வேறு ஒரு நல்ல துப்பாக்கியைப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்.

உங்களிடம் இதை வெற்றியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு கை தப்பியது. அது போதும் என்று பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அந்த வீட்டில் என் படிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நம்பினார்கள். தீட்டை நம்பினார்கள், பிறகு அம்மனை நம்பினார்கள். இரண்டுக்கும் நான்தான் உடம்பு கொடுத்தேன். அந்த நாளில் பெண் தொட்டால் துப்பாக்கி கெடும் என்ற பேச்சுக்கு அந்த ஊரில் இனி சாட்சி நான். நாளைக்கு அங்கே ஒரு மருமகளை மாட்டுக் கொட்டகை ஓரம் நிறுத்தும்போது என் கதையைச் சொல்லித்தான் நிறுத்துவார்கள். வேறு வழி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதே நிலையில் நாளை மறுபடி நின்றால் மறுபடியும் தொடுவேன். மறுபடியும் இதே வெட்கம் வரும்.

ஆனால் அந்த நிலைக்கு வராமல் இருந்திருக்கலாம். பஸ் ஏறுவதற்கு முன்பே சொல்லியிருக்கலாம். கூடத்தில் கேட்டபோது தரையைப் பார்க்காமல், “ஆமாங்க, ரெண்டாவது நாளு, அதனால துப்பாக்கி பாக்கக் கூடாதுன்னா இன்னொரு நாள் வர்றேன், தொடாம எழுத மாட்டேன்” என்று சொல்லியிருந்தால், பேச்சு துப்பாக்கியைப் பற்றியதாக இருந்திருக்கும். நான் மௌனமாக இருந்ததால் அது என்னைப் பற்றியதாக மாறியது. அதனால்தான் போன வாரத்து வயிற்று வலியை என்னால் விட முடியவில்லை. லீவு வேண்டுமென்றால் எடுத்துக்கொள். காரணத்தை மட்டும் என்னிடம் மாற்றிச் சொல்லாதே. நானும் தெரியாததுபோல் இனி இருக்க மாட்டேன்.

இந்தச் சித்திரைக்கும் கதிர்வேலுவிடமிருந்து ஆள் வந்திருக்கிறான். காப்புக் கட்டும் முன் புதுத் துப்பாக்கியை ஒருமுறை பார்த்துத் தர வேண்டுமாம். வியாழக்கிழமை. நாட்களை எண்ணிப் பார்த்தேன். எனக்கு அது அந்த நாட்களில் ஒன்று.

“வியாழக்கெழம கிளியனூர் பக்கம் யாரும்மா போறது?” என்று முதலாளி இன்று காலையில் கேட்டார். கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

“நான் போறேன் முதலாளி. அன்னிக்கு நான் வூட்டுக்குத் தூரம். அதச் சொல்லிட்டுத்தான் போறேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியதற்கு மேல் கொஞ்ச நேரம் துடைத்தார்.

“பேட்டரி லைட்டுல செல்லு தீந்துடுச்சின்னியே, புதுசு போட்டுக்கினியா?”

“போட்டாச்சு.”

வந்த ஆளை நிறுத்தி வைத்துப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். துப்பாக்கியைக் கூடத்து மேஜையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், நூல் எதுவும் சுற்றாமல். கையில் எடுத்துத்தான் பார்ப்பேன், ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் வேறு நாள் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள் என்று சொன்னேன். ஏன் என்று அவன் கேட்டான். அதையும் சொன்னேன்.